வெயில் எந்தக் கரையில்?

புதிய ஊருக்குக் கேமராவோடு போகிறவர்கள் முதலில் கேட்பது, ‘எங்கே போகலாம்?’ கொல்கத்தா என்றால் பதில் எல்லோருக்கும் மனப்பாடம்: ஹவுரா பாலம், மல்லிக் காட் பூச்சந்தை, குமார்டுலி, காலேஜ் தெருப் புத்தகக் கடைகள். எல்லோருக்கும் தெரிந்தவை என்பதற்காக இவற்றை ஒதுக்க வேண்டாம். நல்ல இடங்கள் என்பதால்தான் பெயர் எடுத்தன. ஆனால் அந்தப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு இறங்குகிறவர் கையில் இருப்பது பாதி விலாசம். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமாக நின்று என்பது மீதிப் பாதி. படமெடுப்பதில் எனக்கு மிகப் பிடித்த வேலை அந்த மீதியைத் தேடுவதுதான்.

கொல்கத்தாவில் முதலில் சரிசெய்ய வேண்டியது நம் கடிகாரப் பழக்கம். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கொல்கத்தா அதற்கும் ஏறக்குறைய 6 பாகை கிழக்கே இருக்கிறது. சென்னையோ 2 பாகைக்குமேல் மேற்கே. அதனால் சூரியன் அங்கே நமக்குச் சுமார் அரை மணி நேரம் முந்தி உச்சிக்கு வருகிறது. வடக்கே தள்ளி இருப்பதால் குளிர்காலப் பகல் இன்னும் குட்டை. ஜூனில் 5 மணிக்கு முன்பே பொழுது விடிந்துவிடும். டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மெரினாப் பழக்கத்தில் ஐந்து மணிக்கு அறையைப் பூட்டிவிட்டு ஆற்றங்கரைக்குக் கிளம்புகிறவருக்கு மிஞ்சுவது தெருவிளக்கு.

அடுத்தது ஆறு. ஹூக்ளி இங்கே வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. பழைய நகரம் கிழக்குக் கரையில் இருக்கிறது. ஆகவே கொல்கத்தாவின் படித்துறைகள் எல்லாம் மேற்கு நோக்கியவை. காசியில் கங்கை வடக்கு நோக்கித் திரும்பி ஓட, ஊர் மேற்குக் கரையில் அமைந்ததால், அங்கே படித்துறைகளுக்கு உதயசூரியன் நேர் எதிரே. ‘காட்’ என்ற சொல்லைக் கேட்டதும் காசியின் காலைப் பொன்வெயிலை நினைத்துக்கொண்டு வருகிறவருக்கு, கொல்கத்தாவில் காலை நேரத்துப் படித்துறை கட்டடங்களின் நிழலில்தான் கிடைக்கும். அதே துறைகளில் மாலையில் போய் நில்லுங்கள். ஹவுரா பக்கமிருந்து வரும் வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்துப் படிகளில் ஏறிவரும். குளிக்கிறவர்களின் ஈரத்தோள்களும் பாசி படிந்த பழைய தூண்களும் அந்த ஒரு மணி நேரத்தில் வேறாகிவிடுகின்றன.

பாலத்துக்கும் இதே கணக்குத்தான். 1943-இல் திறக்கப்பட்ட பாலம். நடு ஆற்றில் தூண் கிடையாது. 457 மீட்டர் தூரத்தை ஆணியடித்து இணைத்த எஃகுச் சட்டங்கள் தாவிக் கடக்கின்றன. பெரும்பாலோர் இந்த இரும்பின் பிரமாண்டத்தைத் தூரத்திலிருந்து எடுத்துத் திருப்தி அடைகிறார்கள். எனக்குப் பாலத்தைவிட அதில் நடக்கிறவர்கள் முக்கியம். காலையில் ஹவுரா நிலையத்தில் இறங்கும் கூட்டம் கிழக்கே, நகரத்துக்குள் நடக்கிறது. மாலையில் ரயில் பிடிக்க மேற்கே திரும்புகிறது. அதாவது போகும்போதும் வரும்போதும் அவர்கள் முகத்தில்தான் வெயில். காலையில் பாலம் கொல்கத்தாப் பக்கம் வந்து இறங்கும் முனையில், சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் போதும். கூடை சுமப்பவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரும் குமாஸ்தா, தலையில் சாமந்திச் சரங்களைப் பாம்பாகச் சுருட்டி வைத்திருப்பவர் என்று ஒவ்வொருவராக வெளிச்சத்தோடு வந்து சேர்வார்கள். பாலத்தின் மேலேயே நின்று எடுப்பதைக் காவலர்கள் தடுப்பதுண்டு. அதை மீறுவதில் அர்த்தமில்லை. முனையில் நிற்பதே நல்லது.

கீழே, பாலத்தின் தென்பக்கம் ஒட்டிக் கிடக்கிறது மல்லிக் காட் பூச்சந்தை. அங்கே சூரியனைவிட வியாபாரத்தின் நேரம் முக்கியம். விடியலில் மொத்த விற்பனை சூடுபிடித்திருக்கும்போது யாருக்கும் நம்மைப் பார்க்க நேரமிருக்காது. படத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மற்றவர் வழியை மறிக்காமல் ஓரமாக நிற்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சாமந்தியின் மஞ்சள் கேமராவை ஏமாற்றும் நிறம். நேர் வெயிலில் இதழ்கள் எல்லாம் ஒன்றாகக் கரைந்து வெறும் மஞ்சள் திட்டாகிவிடும். தார்ப்பாய் நிழலில் எடுத்தால் ஒவ்வோர் இதழும் பிரிந்து நிற்கும்.

ஹவுராவை நினைத்தால் ரகுபீர் சிங் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். கறுப்பு வெள்ளையே கலை என்று கருதப்பட்ட காலத்தில் இந்தியத் தெருவை வண்ணத்தில் எடுத்தவர். ஹவுராவில் நடைபாதைக் கண்ணாடிக் கடை ஒன்றை 1991-இல் எடுத்தார். கண்ணாடிகளுக்குள் தெரு துண்டு துண்டாகச் சிதறி, நமக்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. அந்தப் படத்தில் எந்தப் புகழ்பெற்ற கட்டடமும் இல்லை. ஓர் ஓரக் கடை. ஊர் தெரியாதவர்கள் இதைத்தான் தேட வேண்டும் என்பேன்: தெரு தானாகவே வந்து நிறையும் ஓர் இடம். ஒரு கண்ணாடி, ஒரு வாசல், வெயில் விழும் ஒரு சுவர், டிராம் திரும்பும் ஒரு வளைவு. அதைக் கண்டுவிட்டால் பிறகு நடக்க வேண்டாம், நிற்கலாம். எதிரே இருக்கும் டீக்கடையில் மண்குவளை ஒன்றை வாங்கிக்கொண்டு நிற்பது இன்னும் நல்லது. இரண்டாவது குவளைக்குள் கடைக்காரர் ‘அந்தச் சந்துக்குள் போய்ப் பாருங்கள்’ என்று ஒரு வழியாவது சொல்லிவிடுவார்.

அந்தச் சந்துகள் வடகொல்கத்தாவின் செல்வம். ரொவாக் என்று அவர்கள் சொல்லும் திண்ணைகள், பச்சை மரச் சட்டச் சன்னல்கள், காரை உதிர்ந்த தூண்கள். சந்துக்குள் வெளிச்சம் எப்படி வரும் என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். டிசம்பர் நடுப்பகலில்கூட அங்கே சூரியன் தெற்கே 44 பாகை உயரத்தில்தான் நிற்கும். கிழக்கு மேற்காக ஓடும் சந்தில் வடபுற மாடிச்சுவர் முழுநாளும் வெயிலை வாங்கி, எதிரே தள்ளி, கீழே திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் மெத்தென்று இறக்கும். பகல் பன்னிரண்டு மணி படத்துக்கு ஆகாத நேரம் என்பது இங்கே செல்லாது.

வீடுகளின் முற்றங்களிலும் அந்தத் தெறித்த ஒளிதான். அதன் அருமையை உணர்ந்தவர் சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. 1956-இல் வந்த ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டு முற்றத்தைக் கொல்கத்தா ஸ்டூடியோவுக்குள் கட்டினார்கள். வானத்திலிருந்து இறங்கும் நிழலில்லாத வெளிச்சத்தை உள்ளே கொண்டுவர, முற்றத்தின் மேலே வெள்ளைத்துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதில் பட்டுத் திரும்பச் செய்தார் மித்ரா. பார்த்தால் அரங்கம் என்றே தோன்றாது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வடகொல்கத்தாவுக்குப் போகிறவருக்கு, எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முற்றத்துக்குள் போக வீட்டாரின் அனுமதி வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்பவரைக் களிமண் சிலைப் பட்டறைகள் இருக்கும் குமார்டுலிக்குப் போகச் சொல்வேன், அதுவும் துர்கா பூஜைக்கு இரண்டு மாதம் முன்னால், மழைக்காலத்தில். வண்ணம் பூசிய அம்மனை எல்லோரும் எடுக்கிறார்கள். அதற்கு முந்திய நிலைகள்தான் அழகு: மூங்கில் சட்டத்தில் வைக்கோலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய உடல்கள், தலையே இல்லாமல் பத்துக் கைகளோடு, பிறகு சாம்பல் நிறக் களிமண் பூச்சு, அச்சில் தனியே வார்த்த முகங்கள் பலகையில் வரிசையாகக் காய்வது. மழைக்காகக் கட்டிய நீல பாலித்தீன் விரிப்புகள் மண்ணின் நிறத்தையே மாற்றிவிடும். வாசலோரம் வெளிவானம் படும் சிலையைத் தேர்ந்தெடுங்கள்; இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளையில் எடுங்கள். ஈரக்களிமண்ணை ஒரு கை வழித்து மெழுகும் நேரம் நிதானமானது. அந்தக் கையையே எடுக்கலாம். கேட்டுவிட்டு எடுங்கள். பட்டறை குறுகலானது, ஒரு தோள் இடித்தால் ஒரு மாத வேலை போய்விடும் என்பதால் பையை வெளியே தோழரிடம் கொடுத்துவிட்டு, ஒற்றைக் கேமராவோடு உள்ளே போங்கள். அங்கிருந்து ஆறு நடக்கும் தூரம்தான். மழை விட்டிருந்தால் பாக்பஜாரில் ஹவுரா படகைப் பிடித்துவிடலாம். அது பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து போகும், வலப்பக்கம் உட்காருங்கள், மேற்கு வெயில் அந்தப் பக்கம்தான்.