பெயர் சொல்லாத மகன்

குடியரசு நாளன்று எம் பங்குப் பள்ளியில் கொடியேற்றியபின், மாணவர் ஒருவர் அரசியலமைப்பின் முகவுரையை உரக்க வாசிப்பது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், வாசிப்பு முடிந்து மிட்டாய் வழங்கிக்கொண்டிருந்த வேளையில், முதிய நெசவாளர் ஒருவர் நம்மை அணுகி மெல்லக் கேட்டார்: "சாமி, எங்க ஊர்ல கண்மாய்க் கருவேலத்தை ஏலம் விடுறதுக்கே சாமியக் கும்பிட்டுத்தான் ஆரம்பிக்கிறோம். வழக்குன்னு வந்தா சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்றோம். இம்புட்டுப் பெரிய தேசத்துக்கு எழுதுன முகவுரையில கடவுள் பேரே வரலியே, ஏன் சாமி?"

அன்று நாம் சொன்ன விடை அவரை நிறைவு செய்யவில்லை. நம்மையும் நிறைவு செய்யவில்லை. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் மழை பெய்தால் கடவுள், பொய்த்தாலும் கடவுள் என்று வாழும் கரிசல் மக்களுக்கு அது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. ஆகவே முகவுரையையும், அதைப் பெற்றெடுத்த அரசியல் நிர்ணய மன்ற விவாதத்தையும் ஓர் இலக்கியப் பனுவலை வாசிப்பதுபோல் நிதானமாக வாசிக்கலானோம். அவ்வாசிப்பின் பயனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

முதலில் நிகழ்ந்ததைக் காண்போம். 1949 அக்டோபர் 17 அன்று, இராஜேந்திர பிரசாத் தலைமையில் மன்றம் முகவுரையை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. 'கடவுளின் பெயரால்' என்னும் சொற்களுடன் முகவுரை தொடங்க வேண்டுமென ஹரி விஷ்ணு காமத் திருத்தம் முன்மொழிந்தார். பரமேசுவரனின் அருளைக் குறிப்பிட வேண்டும் என்றார் கோவிந்த மாளவியா. அசாமைச் சேர்ந்த ரோகிணி குமார் சௌத்ரி, காமாக்கியா தேவி வீற்றிருக்கும் மண்ணிலிருந்து வரும் தம்மைப் போன்ற சக்தி வழிபாட்டினருக்குத் தேவியின் பெயரன்றோ வேண்டும் என்று வினவினார். அவையில் சிரிப்பு எழுந்திருக்கலாம். ஆயினும் அக்கேள்வியில் உள்ள நியாயத்தை மறுக்க இயலுமா?

திருவிதாங்கூரின் பட்டம் தாணு பிள்ளை, தாம் இறைநம்பிக்கை உடையவர் என்பதை மறைக்காமலே திருத்தத்தை எதிர்த்தார். நம்பிக்கையில் கட்டாயம் நுழைவதாகும் என்பது அவர் வாதம். உள்ளத்தின் மிகப் புனிதமான உணர்வு விவாத அரங்கிற்கு இழுக்கப்பட்டதே என ஹிருதயநாத் குன்ஸ்ரூ வருந்தினார். கடவுளை வாக்கெடுப்புக்கு விடும் சங்கடத்திற்குத் தங்களை உள்ளாக்க வேண்டாமெனப் பூர்ணிமா பானர்ஜி காமத்தை வேண்டிக்கொண்டார். காமத் இணங்கவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் தோற்றது. அந்நாளை வரலாற்றின் கருநாளாகக் கண்டு காமத் மனம் நொந்தார்.

மேலோட்டமாகப் பார்ப்போர் இதை இறைப்பற்றுக்கும் இறைமறுப்புக்கும் நடந்த போட்டியாகக் கருதுவர். அது பிழை. எதிர்த்துப் பேசியோருள் தாணு பிள்ளையைப் போன்ற நம்பிக்கையாளர் இருந்தனர். இறைவன் உண்டா இல்லையா என்று அவர்கள் வழக்காடவில்லை. அவன் பெயரை ஓர் அரசின் முத்திரையாக்கலாமா என்பதே அவர்களது வினா. இறைவன் பெயரை வீணில் எடுத்தாளலாகாது என்னும் கட்டளையை மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்பிக்கின்றோம். அக்கட்டளையின் ஆழத்தை அன்று காத்தவர்கள் யார் என எண்ணிப் பார்க்கும்போது, 68 பேருள் பலரும் நம் ஆசான்களாகவே தோன்றுகின்றனர்.

இனிப் பனுவலுக்கு வருவோம். முகவுரை ஒரே நீண்ட வாக்கியம். அதன் எழுவாய் 'இந்திய மக்களாகிய நாம்'. ஆங்கிலத்தில் இல்லாத ஒரு நுட்பம் தமிழில் இங்கே வெளிப்படுகின்றது. கேட்பவரை விலக்கி 'நாங்கள்' என்பதும், கேட்பவரையும் சேர்த்து 'நாம்' என்பதும் தமிழுக்கு வெவ்வேறு. தமிழாக்கம் 'நாம்' என்றே சொல்கின்றது. எந்தப் பெயரால் இறைவனை அழைப்பவரும், எப்பெயராலும் அழைக்காதவரும் அந்த 'நாம்' என்பதற்குள் அடக்கம். அதற்கு முன்னால் ஒரு திருப்பெயரை நிறுத்தியிருந்தால், அப்பெயரை ஏற்காதவருக்கு அந்த 'நாம்' அக்கணமே 'நாங்கள்' ஆகிச் சுருங்கியிருக்கும். 'மதச்சார்பற்ற' என்ற சொல்லும் 1949 வாசகத்தில் இல்லை. அது 1976-ல் 42-ஆம் திருத்தத்தால் சேர்ந்தது. பதவி உறுதிமொழியில் மட்டும் கடவுள் பெயரால் ஆணையிடவும், உளமார உறுதி கூறவும் இரு வழிகள் தரப்பட்டன. இரு வழியிலும் பதவியேற்ற அமைச்சர்களைத் தமிழகம் கண்டிருக்கின்றது. தனி மனிதனின் நாவுக்கு அப்பெயர் உரியது. அனைவரின் சார்பாக ஒருவர் அதை உச்சரித்துவிடலாகாது என்பதே இதன் பொருள்.

பிற நாடுகளையும் ஒப்புநோக்குவோம். 1937-ஆம் ஆண்டு அயர்லாந்து அரசியலமைப்பு மிகப் புனித மூவொரு கடவுளின் பெயரால் தொடங்குகின்றது. கத்தோலிக்கத் திருச்சபைக்கு அது அளித்திருந்த தனியிடத்தை அந்நாட்டு மக்களே 1972-ல் வாக்களித்து நீக்கினர். நம் மன்றம் விவாதித்த அதே 1949-ல், மார்ச் மாதம், பாகிஸ்தான் தன் இலக்குத் தீர்மானத்தில் இறையாண்மை அல்லாவுக்கே உரியது என்றது. அங்கிருந்த சிறுபான்மை உறுப்பினர்கள் அதை எதிர்த்தனர். அமெரிக்கரின் 1776 விடுதலைப் பிரகடனம் படைத்தவரின் பெயரைச் சொல்லி மனிதர் யாவரும் சமம் என்றது. ஆயினும் அடிமை முறை ஒழிய 1865 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெயர் ஏட்டில் இருந்தது. அடிமையின் காலில் விலங்கும் இருந்தது.

ஆகவே ஓர் அரசின் தோற்றத்தில் சமயம் ஆற்றிய பங்கை எதைக் கொண்டு அளப்பது? நற்செய்தி நமக்கோர் அளவுகோலைத் தருகின்றது. தந்தை தம் இரு புதல்வரைத் திராட்சைத் தோட்டத்திற்கு அனுப்பினார். ஒருவன் 'போகிறேன் ஐயா' என்று பணிவாகச் சொல்லிப் போகாதிருந்தான். மற்றவன் 'போகமாட்டேன்' என்று சொல்லிப் பின்னர் மனம் மாறிப் போனான். தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றியவன் யார்? நம் அரசியலமைப்பு, தந்தையின் பெயரைச் சொல்லாத மகன். அவன் தோட்டத்திற்குப் போனானா என்பதே நாம் கேட்க வேண்டியது.

விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் பகுதிக்கு அருகிலுள்ள கமுதியில் 1897-ல் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டனர். கோயிலின் அறங்காவலரான இராமநாதபுரம் சேதுபதி வழக்குத் தொடுத்தார். வழக்கு மதுரையில் தொடங்கிச் சென்னை உயர்நீதிமன்றம் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908-ல் வந்த இறுதித் தீர்ப்பும் நுழைந்தோருக்கு எதிராகவே அமைந்தது. இறைவன் பெயரால் அமைந்த வாசலை இறைமக்களுக்கு மூடி வைக்க அரசின் சட்டம் அன்று துணை நின்றது. அந்த வழக்கு முடிந்து 42 ஆண்டுகளுக்குப்பின் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்போ, 17-ஆம் உறுப்பில் தீண்டாமையை ஒழித்தது. 25-ஆம் உறுப்பில் இந்து சமயப் பொதுக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடும் சட்டங்களுக்கு இடமளித்தது. பெயர் சொல்லாத மகன் வாசலைத் திறக்கப் புறப்பட்டான்.

நம் வீட்டை மறந்து அடுத்த வீட்டை நாம் பேசலாகாது. வடக்கன்குளம் ஆலயத்தினுள் கிறிஸ்தவர்களைச் சாதியால் பிரித்த சுவரைக் கௌசானல் அடிகளார் 1910-ல் இடிக்க வேண்டியிருந்தது. அச்சுவரின் இரு புறமும் ஒரே திருப்பெயர்தான் ஒலித்துக்கொண்டிருந்தது! இன்றும் இறந்தோரைத் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களில் புதைக்கும் ஊர்கள் உண்டு. மனச்சான்றுக்கு எதிராக எவரையும் வற்புறுத்தலாகாது என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் ஏட்டில் 1965-ல்தான் பறைசாற்றியது. அம்மன்றத்தார் அதே உணர்வோடு வாக்களித்து அப்போது 16 ஆண்டுகள் கழிந்திருந்தன.

முகவுரையில் சமயத்தின் ஊற்று அறவே இல்லை என்றும் சொல்ல இயலாது. 'சகோதரத்துவம்' என்ற சொல் நேருவின் இலக்குத் தீர்மானத்தில் இல்லை. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவே அதைச் சேர்த்தது. தம் சமூகத் தத்துவத்தின் வேர் அரசியல் அறிவியலில் அன்று, சமயத்தில் உள்ளது. புத்தரின் போதனையிலிருந்தே அதைப் பெற்றேன் என்று அவர் 1954-ல் வானொலி உரையில் கூறினார். சமயம் பெயராக வந்து முன்வரிசையில் அமராமல், சகோதர உணர்வாக வந்து வாக்கியத்தின் உள்ளே கரைந்தது. ஓர் அரசின் அடித்தளத்தில் சமயத்திற்கு உரிய இடம் இதுவே என்பது நம் துணிபு.

ஆயினும் திறனாய்வு என்பது புகழுரையன்று. அம்மகன் தோட்டத்திற்குப் போனான். பாதி வேலையில் நின்றுவிட்டான் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1949 மே மாதத்தில் சமயச் சிறுபான்மையினருக்கான சட்டமன்ற இட ஒதுக்கீட்டை மன்றம் கைவிட்டது. கிறிஸ்தவரான எச். சி. முகர்ஜியும், சென்னை மாகாணத்திலிருந்து சென்ற இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசாவும் அதற்கு இசைந்தனர். அரசு இனி மனிதனைச் சமயத்தால் அளக்காது என்ற நம்பிக்கையில் பிறந்த இசைவு அது. பதினைந்து மாதங்கள் கழித்து, 1950 ஆகஸ்டு 10 அன்று, பட்டியல் சாதியினர் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வெளிவந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தினின்று வேறான சமயத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. பஞ்சாபின் சில சீக்கியப் பிரிவினருக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஆணையிட்ட குடியரசுத் தலைவர், அந்த அக்டோபர் 17 அன்று மன்றத்திற்குத் தலைமை தாங்கிய அதே இராஜேந்திர பிரசாத். 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை கிறிஸ்தவராக மாறிய தலித் மக்களுக்காகத் தீர்மானம் நிறைவேற்றி ஒன்றிய அரசை வேண்டியது.

முன்வாசலில் நிறுத்தப்பட்ட 'எந்தச் சமயம்?' என்ற கேள்வி இவ்வாறு கொல்லைப்புறமாக உள்ளே வந்தது. இதன் விளைவைப் பங்குக் குருக்கள் நாள்தோறும் காண்கின்றோம். திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், அரசுச் சான்றிதழில் வேறொரு பெயர் என்று வாழும் குடும்பங்கள் உண்டு. தேநீர்க்கடையும் தெருவும் அவர்களைப் பழைய சாதியாலேயே அறிகின்றன. ஏடு மட்டும் அறியவில்லை. "பிள்ளைக்கு ஞானஸ்நானப் பேரை வெளியில சொல்லாதீங்க சாமி" என்று ஒரு தாய் நம் கையைப் பிடித்துக் கேட்டதுண்டு. தன் பெயரை அரசு உச்சரிக்காததால் இறைவனுக்குக் குறைவில்லை. ஓர் ஏழை தான் வணங்கும் பெயரை மறைத்தால்தான் உரிமை கிட்டும் என்ற நிலையோ, முகவுரையின் 'நாம்' என்னும் சொல்லுக்கே காயம். அந்தத் தாய்க்கு நாம் தலையசைத்தோம். அது சரியா என்று இன்றளவும் நம் மனச்சான்று நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கின்றது.

நெசவாளப் பெரியவருக்கு இப்போது நம்மிடம் விடை உண்டு. ஐயா, சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்பவன் சொன்ன சொல்லைக் காத்தானா என்றுதானே ஊர் பார்க்கும்? தேசத்தையும் அப்படியே பார்ப்போம். கடவுள் பெயர் இல்லையென்று வருந்த வேண்டாம். நீதி, தன்னுரிமை, சமத்துவம், சகோதரத்துவம் என்று நான்கு வாக்குகளை அது கொடுத்திருக்கின்றது. அவற்றை உம் பேரப்பிள்ளையிடமும், திருமுழுக்குப் பெயரை மறைக்கும் அந்தப் பிள்ளையிடமும் ஒருங்கே காப்பாற்றட்டும் என்று கேட்போம். அப்படிக் கேட்கும் தகுதி நமக்கு வேண்டுமாயின், நம் ஆலயங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் எஞ்சியுள்ள சுவர்களை முதலில் நாமே இடிப்போம்.