சிறுக்காத தீப்பொறி

சிறு எஞ்சின் கட்டுகிறவர் பிஸ்டன், வால்வு, கிராங்க், கார்புரேட்டர் என்று எதையும் சிறிதாக்கிவிடலாம். லேத்தும் பொறுமையும் இருந்தால் போதும். தீப்பொறி மட்டும் அதற்கு இணங்காது. ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்ட மின்சாரத்துக்கு மூவாயிரம் வோல்ட்டுக்கு மேல் வேண்டும். காரிலும் அந்தக் கணக்குத்தான், உள்ளங்கையில் அடங்கும் 10 சி.சி. எஞ்சினிலும் அதே கணக்குத்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏறத் தேவை இன்னும் கூடும். அதனால்தான், பற்றவைப்புக் கருவியையும் தன் கையாலேயே செய்கிறவரை நான் தனியாக மதிக்கிறேன்.

1930களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பில் பிரவுன் உருவாக்கிய 'பிரவுன் ஜூனியர்' மாதிரி விமானங்களில் பெட்ரோல் எஞ்சினைப் பரவலாக்கியது. பற்றவைப்புக்கான காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாமே எஞ்சினோடு சேர்ந்து பறந்தன. இங்கிலாந்தில் எட்கர் வெஸ்ட்பரி 'மாடல் எஞ்சினியர்' இதழில் ஆண்டுக்கணக்கில் எழுதி, வீட்டுப் பட்டறையில் எஞ்சின் கட்டும் வித்தையைக் கற்பித்தார். 1947இல் ரே ஆர்டன் க்ளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கிளப்பும்போது சூடேற்றினால் போதும், பிறகு மெத்தனால் ஆவியில் பிளாட்டினக் கம்பி தானே கனன்றுகொண்டிருந்தது. காயிலும் பேட்டரியும் இறங்கின. விமானத்துக்குப் பெரிய லாபம். ஆனால் தீ எந்தக் கணத்தில் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை, எஞ்சின்காரரின் கையை விட்டுப் போனது.

அந்த உரிமையைத் திரும்பப் பெறும் வேலை காயிலில் தொடங்குகிறது. மெல்லிரும்புக் கம்பிகளைக் கட்டாக்கி நடுத்தண்டு. அதன்மேல் தடித்த எனாமல் கம்பியில் சில நூறு சுற்று. அதற்கும் மேல் 0.08 மி.மீ. கம்பியில் பல ஆயிரம் சுற்று. அடுக்குக்கு அடுக்கு நடுவே மெல்லிய தாள். ஓரத்தில் ஒரு சுற்று நழுவிக் கீழடுக்கில் விழுந்தால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அங்கேயே குதித்துவிடும். முடிந்ததும் ஈரமும் காற்றுக் குமிழும் போகும்வரை உருகிய மெழுகில் ஊறவிட வேண்டும். பூத்தொடுப்பவர் விரலுக்கு நார் பழகியிருப்பதுபோல், காயில் கட்டுகிறவர் விரலுக்குக் கம்பியின் இழுவை பழகியிருக்கும்.

மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனையான பாயின்ட் மூடியிருக்கையில் பேட்டரியின் 6 வோல்ட்டில் நடுத்தண்டுக்குக் காந்தம் ஏறுகிறது. கேம் பாயின்ட்டைத் திறந்ததும் அது சரிகிறது. எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ அவ்வளவு வோல்ட். 1831இல் ஃபாரடே கண்ட விதி இது. கண்டென்சர் இல்லையென்றால் பாயின்ட்டிலேயே பொறி பறந்து அந்த வேகம் மட்டுப்படும். இன்று பலர் பாயின்ட்டுக்குப் பதிலாகச் சிறு காந்தமும் ஹால் சென்சாரும் வைக்கிறார்கள். தேய்மானம் இல்லாத, நம்பகமான ஏற்பாடு. ஆனாலும் என் மனம் பாயின்ட்டின் பக்கம்தான். ஃபீலர் கேஜைச் செருகி, கண் பார்க்க இடைவெளியைச் சரிசெய்வதில் ஒரு நிறைவு உண்டு.

கைத்திறனின் உச்சம் ஸ்பார்க் பிளக். கால் அங்குல மரைக்குள் உலோக உடல், பீங்கான், மின்முனை மூன்றும் அடங்க வேண்டும். லேத்தில் கடையக்கூடிய மேக்கோர் என்ற கண்ணாடிப் பீங்கான் இதற்கு உகந்தது. வெளிக்காற்றில் பொறி அடித்தால் தேறிவிட்டதாகாது. அழுத்தத்திலும் அடிக்க வேண்டும், சூட்டில் கசியவும் கூடாது.

6,000 ஆர்.பி.எம். ஓடும் ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்குக்கு நொடிக்கு 100 பொறி. ஒரு டிகிரி டைமிங் என்பது நொடியில் 36,000இல் ஒரு பங்கு. அந்தச் சிறு பங்கை விரல்நுனி அளவுள்ள ஒரு நெம்புகோல் ஆள்கிறது. கிளப்பும்போது பொறியைத் தாமதப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் எதிர்த்து உதைக்கும். ஓடத் தொடங்கியதும் மெல்ல முன்தள்ளினால் குரல் இறுகி வேகம் ஏறும். திரும்பத் தாமதப்படுத்தித் த்ராட்டிலைக் குறைத்தால், அடி அடியாக எண்ணும் அளவுக்கு நிதானமாக ஓடும். அந்த நிதானமே ஸ்பார்க் எஞ்சினின் அழகு.

மாதிரி எஞ்சின் கண்காட்சிக்குப் போகிறவர்கள் பித்தளைப் பளபளப்போடு நகர்ந்துவிடாதீர்கள். காயில் கட்டியது யார் என்று கேளுங்கள். 'நான்தான்' என்று பதில் வந்தால், முதல் பாராட்டு அதற்கே உரியது.