பெருங்கமராவும் பிடித்த கையும்

பழைய பத்திரிகைப் படங்களைப் புகழ்வோர் இந்நாளில் ஒரு கருத்தை வழக்கமாகச் சொல்லி வருகின்றனர். முற்காலத்துப் படப்பிடிப்பாளர் பெரிய கமராவைச் சுமந்து, ஒவ்வொரு படத்தையும் எண்ணியெண்ணி எடுத்தனர். ஆதலால் அவர் படங்களில் உண்மையும் அமைதியும் நிறைந்தன. கைபேசியால் நொடிக்குப் பல படம் எடுக்கும் இக்காலத்தார்க்கு அவை கைகூடா என்பதே அக்கருத்து. கேட்பதற்கு இனியதுதான். எனினும் அதன் முற்பாதியை ஒப்புக்கொள்பவரும் பிற்பாதியை ஆராயாது ஏற்றல் தகாது. அப்படங்களின் சிறப்பைக் கருவியின்மேல் ஏற்றுவதா, அதனைப் பிடித்த கையின்மேல் ஏற்றுவதா என்பதே வினா. இந்தியாவின் முதற் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் எனப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலாவின் படங்கள் இவ்வினாவுக்கு விடை காணப் பெரிதும் துணைசெய்வன.

முதலிற் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். பத்திரிகையாளர் கையிற் பெருவழக்காயிருந்தது அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் உருவான 'ஸ்பீட் கிராபிக்' என்னும் கமரா. அது 1912 இல் வெளிவந்து 1973 வரை செய்யப்பட்டது. 'விரைவு' என்னும் பொருளுடைய அப்பெயர் இக்காலத்து மாணவர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் முக்காலியில் நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் படமெடுத்த வழக்கத்தோடு ஒப்பிடின், கையிலேந்தி 1/1000 செக்கன் வரை குறுகிய நேரத்திற் படம்பிடிக்கத்தக்க கருவி விரைவுடையதே. முன்னே துருத்தி, பின்னே பிலிம் தாங்கி. பெரும்பாலும் வழங்கிய அளவு நான்கு அங்குலத்துக்கு ஐந்து அங்குலம். தாங்கியொன்றிற் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே தாள்கள். படமெடுப்பவர் தாங்கியைச் செருகி, தாளை மறைத்திருக்கும் தகட்டை உருவி, ஷட்டரை முறுக்கி, தூரத்தை மதித்து அமைத்து, விசையை அழுத்துவர்; பின் தகட்டை மீளச் செருகித் தாங்கியைப் புரட்டுவர். இருளாயின் எரிந்து கருகிய மின்குமிழைக் கழற்றி வேறொன்றை மாட்டவும் வேண்டும். தகட்டை உருவ மறந்தவர் வெறுந்தாளோடு அலுவலகத்துக்கு மீள வேண்டியதே. பன்னிரண்டு தாள்கள் கொண்ட பொதிகளும் இருந்தன. ஆயினும் முதற்படம் பிழைத்தால் நிகழ்ச்சி காத்திராது என்னும் நிலை மாறவில்லை.

புத்தளக் களப்பின் கரையிலே, பள்ளிவாசல்துறை போன்ற ஊர்களில், வீச்சுவலை எறிவோரைக் கண்டவர்க்கு இந்நிலை எளிதில் விளங்கும். வலையைத் தோளிலும் முழங்கையிலும் மடித்துப் போட்டு நீரில் நிற்பவர், மீனின் நடமாட்டத்தைக் கண்டவுடன் எறிவதில்லை. வலை பிழைபட வீழ்ந்தால் மீன் கலைந்துவிடும். அதனை இழுத்து அலசி மீண்டும் மடித்தெடுக்க நேரம் செல்லும். ஆதலால் எறியாது நிற்கும் நேரத்திலேயே அவர் திறமையிற் பெரும்பகுதி கிடக்கின்றது. திருக்குறளிலே காலமறிதலும் இடனறிதலும் 49 ஆம், 50 ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்பன. அவை வேந்தனை நோக்கியவையாயினும் பெருங்கமரா சுமந்தவர்க்கும் இன்றியமையாதனவாயின.

இடனறிதலுக்கு ஓர் உதாரணம் காட்டலாம். 1948 ஜூன் 13 ஆம் நாள், நியூ யோர்க்கின் யாங்கி மைதானத்திலே, பேஸ்போல் ஆட்டத்திற் பெரும்புகழ் பெற்ற பேப் ரூத்துக்குப் பிரியாவிடை நிகழ்ந்தது. அவர் நோயால் மெலிந்து, மட்டையை ஊன்றுகோலாகப் பற்றி நின்றார். படப்பிடிப்பாளர் பலர் முகத்தை நாடி முன்னே திரண்டனர். நற் பைன் என்பவரோ பின்புறம் சென்று, மின்குமிழை நீக்கி, மங்கிய பகலொளியிலேயே படமெடுத்தார். அதில் முகம் இல்லை; வளைந்த முதுகும் அதன்மேல் 3 என்னும் இலக்கமுமே உள்ளன. இரண்டு மாதங்களில் ரூத் மறைந்தார். அப்படம் 1949 இற் புலிட்சர் பரிசு பெற்றது. முன்னே நின்றோரிடமும் பெருங்கமராக்கள் இருந்தன என்பதை ஈண்டு மறத்தலாகாது. ஒரே வகைக் கருவி, ஒரே பொழுது, கால்கள் சென்ற இடமே வேறு.

பெருங்கமரா உண்மையைக் காக்கும் என்போர் வீஜி என்னும் பெயரால் அறியப்பட்ட ஆதர் பெலிக்கை நினைத்தல் நன்று. நியூ யோர்க்கின் இரவுக் கொலைகளையும் தீவிபத்துக்களையும் படமெடுத்த இவர் கையிலும் ஸ்பீட் கிராபிக்கே இருந்தது. பத்தடித் தூரத்துக்குக் கமராவை முன்கூட்டியே அமைத்துவைத்து, மின்குமிழொளியில் எவர் முகத்தையும் திடுக்கிடச் செய்வது இவர் முறை. 'விமர்சகர்' எனப் பெயரிட்டு 1943 இல் இவர் வெளியிட்ட படத்திலே, இசைநாடக அரங்குக்கு மணிகளும் மென்மயிராடையும் அணிந்து வரும் சீமாட்டியர் இருவரை, வறிய பெண்ணொருத்தி வெறுப்போடு பார்த்து நிற்கின்றாள். அவ்வேழைப் பெண்ணை மது அருந்தச் செய்து அங்கே கொண்டுவந்து நிறுத்தியது வீஜியின் ஏற்பாடே எனப் பிற்காலத்தில் அவருடைய உதவியாளர் வெளியிட்டார். செல்வத்துக்கும் வறுமைக்கும் இடையிலான வேற்றுமை பொய்யன்று. அதைக் காட்டிய காட்சி பொய். ஏழையின் பெயரால் எழுந்த அப்படத்தில் ஏழைப் பெண்ணே ஏமாற்றப்பட்டாள் என்பது கசப்பான செய்தி. தாள் ஒன்றாயிருப்பதும் தகடு கனமாயிருப்பதும் அவளைக் காக்கவில்லை.

இனி வியாரவாலாவுக்கு வருவோமாயின், அவர் 1913 இல் குஜராத்தின் நவ்சாரியிற் பார்சிக் குடும்பமொன்றிற் பிறந்தவர், பம்பாயில் ஜே. ஜே. கலைக்கல்லூரியிற் பயின்றவர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் மாணெக்ஷாவின் பெயரிலேயே வெளிவந்தன. 1942 இல் தில்லிக்குச் சென்று பிரித்தானியத் தகவற் சேவையிற் சேர்ந்த பின்னர், சேலையுடுத்து, கமராவைத் தோளிலிட்டு, சைக்கிளிற் சென்று தலைநகரின் நிகழ்ச்சிகளைப் படம்பிடித்தார். ஸ்பீட் கிராபிக்கும் ரோலிபிளெக்ஸும் அவர் கையாண்ட கருவிகள். 'டல்டா 13' என்பது அவர் கொண்ட புனைபெயர்.

அவருடைய படங்களின் தனிப்பண்பு அடக்கம் என்பர். அடக்கம் என்றால் உப்புச்சப்பின்மை என்று கொள்ளல் பிழை. பாலம் விமானநிலையத்திலே, படமெடுத்தல் கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது என்னும் அறிவிப்புப் பலகையின் அருகே ஜவஹர்லால் நேரு நிற்கும் படம் அவர் எடுத்ததே. அதில் ஏளனம் இல்லை. எவரையும் எங்கும் நகர்த்தவில்லை. பலகையும் பிரதமரும் ஒரு சட்டத்துள் வந்த கணத்தை அறிந்தமையே அப்படம். விமானமொன்றில், தம் வாயிற் சிகரெட்டோடு, பிரித்தானிய அதிகாரி ஒருவரின் மனைவிக்கு நேரு சிகரெட் பற்றவைக்கும் படமும் அவ்வாறானதே. வீஜி இடைவெளியை உடைத்துப் புகுந்தார். வியாரவாலா இடைவெளியைப் பேணிக்கொண்டே அதற்குள் நிகழ்வதைக் கண்டார். தமிழிலக்கணத்தார் இடக்கரடக்கல் என்று ஒரு வழக்கை வகுத்தனர். அவையிற் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்லுதல் அது, சொல்லாது விடுதலன்று. வியாரவாலாவின் நல்ல படங்கள் இவ்வழக்குக்கு மிக அண்மையானவை.

ஆயினும் அவரைப் போற்றுவோர் பலர் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு. 1947 இல் பிரிவினையால் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். தில்லியே அகதிகளால் நிறைந்தது. வியாரவாலாவின் புகழ்பெற்ற படங்களிலோ அவ்வழிவைக் காண்டல் அரிது. தலைவர்களும் விழாக்களும் விருந்தினருமே நிறைந்துள்ளனர். அக்குருதியையும் பசியையும் உலகுக்குக் காட்டியவர் 'லைப்' சஞ்சிகையின் மார்கிரெட் போர்க்-வைற். அவரும் பெரிய கருவிகளோடும் மின்குமிழ்களோடும் வந்தவரே. 1946 இல் காந்தியடிகளை இராட்டையின் அருகே படமெடுக்க அவருக்கு மூன்று குமிழ்களுக்கே இசைவு கிடைத்தது. இரண்டு வீணாக, மூன்றாவதே பயன் தந்தது. அடிகள் மறைந்த இரவில் பிர்லா மாளிகையினுள்ளே மறைவாகக் கமராவைக் கொண்டு சென்று மின்குமிழை எரித்தமையால், துயருற்றோர் அவர் பிலிமைப் பறித்து வெளியேற்றினர். அன்று வெளியேற்றியவர் மீது குற்றம் இல்லை. ஆனால் அகதிகளின் நெடுவழிகளில் அவர் எடுத்த படங்கள் எடுக்கப்பட்டேயாக வேண்டியவை. வெறும் அவையடக்கம் அவற்றை எடுத்திராது. எனவே அடக்கமும் ஒரு குறையாகக்கூடும் என்பதை மறுத்தல் இயலாது.

இக்குறையை வியாரவாலாவின் மேல் முழுவதும் சுமத்துதலும் நேர்மையாகாது. 1947 ஜூனில் பிரிவினைத் திட்டத்துக்கு இசைந்து காங்கிரஸ் அவையினர் கையுயர்த்திய காட்சியை அவர் படமெடுத்துள்ளார். குருதி இல்லை, ஓலம் இல்லை. உயர்ந்த கைகள் மட்டுமே உள்ளன. நிகழ்ந்தவற்றை அறிந்து இன்று அதனைப் பார்ப்பவர், அக்கைகளை அவ்வளவு எளிதாகக் கடந்து செல்லார். அவ்வொரு படத்திலேனும் அவர் தவிர்த்ததாகக் கருதப்படும் பொருள் முழுவதும் அடங்கியுள்ளது.

1948 ஜனவரி 30 ஆம் நாள் மாலை, அடிகளின் வழிபாட்டுக் கூட்டத்துக்குப் புறப்பட்ட வியாரவாலா, மறுநாள் கணவரோடு செல்லலாம் என்று இடைவழியில் திரும்பிவிட்டார். அன்றே அடிகள் சுடப்பட்டார். அது தம் வாழ்நாள் முழுவதும் அவர் வருந்திய தவறுகை. இறுதி ஊர்வலத்தையும் எரியூட்டலையும் அவர் படமெடுத்தார்.

கணவர் மறைந்ததை அடுத்து, 1970 இல் அவர் தொழிலை விட்டார். புதிதாக வந்த படப்பிடிப்பாளரின் நடத்தை தமக்கு ஒவ்வாமையையும் அதற்குக் காரணமாகக் கூறினார். கமராவின் மாற்றத்தை அவர் குறைகூறவில்லை. பின்னர் ஏறக்குறைய நாற்பதாண்டுகள் பெரும்பாலும் வடோதராவிலே, தோட்டம் பேணியும் தம் வேலைகளைத் தாமே செய்தும் அமைதியாக வாழ்ந்தார். 2011 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருதை வழங்கியது. 2012 ஜனவரியில், தமது 98 ஆம் வயதில், அவர் மறைந்தார்.