எழுத்துப்பிழை தேடும் வகுப்பு

போன மாதம் அக்கா மகள் கைபேசியை என் முன் நீட்டினாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவளுடைய பெரியப்பா போட்ட செய்தி: வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் புற்றுநோய் ஓடிவிடுமாம். கீழே ஒரு டாக்டர் பெயர், மேலே இரட்டை அம்புக்குறி. "பொய்னு தெரியுது மாமா. நான் சொன்னா 'மொளைச்சு மூணு எலை விடல, பேச வந்துட்டா'ம்பாரு" என்றாள்.

அவள் பள்ளியில் போலிச் செய்தி பற்றி ஒரு மணி நேர வகுப்பு எடுத்திருக்கிறார்கள். அங்கே கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா, தேதி போட்டிருக்கிறதா, ஆச்சரியக்குறி அதிகமா என்று வரிசையாகக் கேள்விகள். நல்ல எண்ணம்தான். ஆனால் இன்று பொய்யைப் பிழையில்லாமல் எழுதிக்கொடுக்க செயற்கை நுண்ணறிவு இருக்கிறது. பிழை மலிந்து கிடப்பதென்னவோ நம் ஊர் அறிவிப்புப் பலகைகளில்தான்.

இந்தப் பாடம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2018 மே மாதம் போளூர் அருகே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றார்கள். அதற்கு முன்பே கைபேசி வழியாக வதந்தி ஊர் ஊராகப் பரவியிருந்தது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று எங்கெங்கோ எடுத்த காணொளிகள் சுற்றின. நிலைமையைப் பார்க்க அங்கிருந்து ஒரு குழுவே இங்கு வந்து போனது.

அதே பீகாரில்தான் இந்தப் பாடம் பலிக்கிறதா என்று உரசிப் பார்த்திருக்கிறார்கள். 2019 தேர்தல் சமயத்தில் சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர் பெரியவர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். மொத்தத்தில் பலன் தெரியவில்லை. பா.ஜ.க. ஆதரவாளர்களிடம், தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்யை இனம்காணும் திறன் குறையவே செய்தது. பிறகு அவரும் வேறு சிலரும் சேர்ந்து 583 கிராமங்களில் 13,500 பிள்ளைகளிடம் போனார்கள். இம்முறை 14 வாரங்களில் நான்கு வகுப்புகள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு பகுதியினருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது பலன் தெரிந்தது. நான்கு மாதம் கழித்தும் நீடித்தது. உடல்நலச் செய்திகளை வைத்து நடந்த பாடம் அரசியல் செய்திகளிலும் கைகொடுத்தது. வகுப்புப் பக்கமே வராத பெற்றோரிடமும் கொஞ்சம் மாற்றம்.

இரண்டுக்கும் நடுவே வயதும் அவகாசமும் மாறியிருக்கின்றன. வாரக்கணக்கில் கூடப் படிப்பவர்களோடு உட்கார்ந்து பேசியதும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. நம் பள்ளிகளோ மலிவான முதல் வகையைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு மணி நேரம், ஒரு தாள், ஒரு குழுப் புகைப்படம்.

இதைவிடப் பெரிய கோளாறு, சந்தேகத்தை மட்டும் கற்றுக்கொடுப்பது. 2017இல் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வந்த புரளிகளை நினைத்துப் பாருங்கள். அரசு சொல்வதை நம்பாதே, இந்த ஊசி இப்போது எதற்கு என்று கேள் என்பதுதான் அவற்றின் சாரம். அந்தத் தாளும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது! எதையும் நம்பாத பிள்ளையை ஏய்ப்பது ஒன்றும் கடினமில்லை. யாரை, எதுவரை நம்பலாம் என்பதைக் கற்றுத்தருவதுதான் பெரும்பாடு. அதற்கு ஆசிரியருக்கே பயிற்சி வேண்டும், பாடவேளையில் இடமும் வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் செய்த 2017 ஆய்வு இங்கே உதவும். வரலாற்று அறிஞர்கள், மாணவர்கள், செய்தி சரிபார்ப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பிடமும் இணையதளங்களைக் கொடுத்தார்கள். படித்தவர்கள் பலர் அந்தப் பக்கத்தையே மேலும் கீழும் ஆராய்ந்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் சட்டென்று வெளியேறி, இதை நடத்துவது யார் என்று வேறு இடங்களில் தேடினார்கள். நம் தாளில் உள்ள கேள்விகளெல்லாம் அந்தப் பக்கத்துக்குள்ளேயே சுற்றுபவை.

அக்கா மகளும் நானும் அந்த டாக்டர் பெயரைத் தேடினோம். எலுமிச்சைச் செய்தியைத் தவிர வேறெங்கும் அவர் இல்லை. இதைப் பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது? தாளில் அதற்கு வரி இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் குழுவில் போடாமல் அவருக்குத் தனியாக அனுப்பினாள்: "பெரியப்பா, இந்த டாக்டர் எந்த ஆஸ்பத்திரி?" இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. மறுநாள் காலை பதில் வந்தது: ரோஜாப்பூ படத்துடன் ஒரு 'இனிய காலை வணக்கம்'.