ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய கடிதம்: ஒரு வாசிப்பு

"திறமை இருந்தா உலகம் தானா தேடி வரும்" என்று சொல்பவர்கள் கடைசியில் ராமானுஜனிடம்தான் வந்து நிற்பார்கள். சென்னைத் துறைமுக குமாஸ்தா கடிதம் போட்டார், கேம்பிரிட்ஜ் அழைத்துக்கொண்டது, கதை முடிந்தது. 16 ஜனவரி 1913 தேதியிட்ட அந்தக் கடிதத்தைப் போன வாரம் மறுபடி படித்தேன். இந்த முறை கணிதத்துக்காக இல்லை. முன்பின் தெரியாத ஒருவரைப் படிக்கவைக்க அது என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காக.

முதலில் தன் வேலை, சம்பளம், பட்டம் இல்லாத நிலைமை. உடனே ஹார்டியின் 'ஆர்டர்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி' புத்தகத்தின் 36ஆம் பக்கத்துக்குப் போகிறார். ஒரு எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் என்பதற்குத் துல்லியமான கோவை இன்னும் கிடைக்கவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறீர்கள், எனக்குக் கிடைத்திருக்கிறது என்கிறார். "உங்க புக் படிச்சேன், பிரமாதம்" ரகம் கிடையாது. பக்க எண்ணோடு பேசுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோரிக்கைதான் தவறு. சிறிய எண்களுக்கு நன்றாக ஒத்துவரும் அவருடைய சூத்திரம், அவர் சொன்ன துல்லியத்தைத் தாங்கவில்லை.

ஹார்டியை நிறுத்தியது உள்ளே இருந்த பக்கங்கள். பிற்பாடு அவரே விவரித்திருக்கிறார்: சில முடிவுகள் அவருக்குத் தெரிந்தவை, சில தொகையீடுகளை எதிர்பார்த்ததைவிட அதிகம் மெனக்கெட்டுத்தான் நிரூபிக்க முடிந்தது, தொடர் பின்னங்கள் சில அவர் பார்த்தே இராதவை. என் வாசிப்பு இதுதான்: அந்தத் தெரிந்த முடிவுகள் இல்லையென்றால் தெரியாதவற்றை நம்ப ஹார்டிக்குப் பிடிமானமே இருந்திருக்காது. ராமானுஜன் திட்டமிட்டுக் கலந்தாரா? அப்படித் தோன்றவில்லை. எது பழசு என்றே அவருக்கு முழுசாகத் தெரியாது.

இதே சரக்கு மற்றவர்களிடம் எடுபடவில்லை. கேம்பிரிட்ஜிலேயே பேக்கர், ஹாப்சன் இருவரிடமும் பலன் இல்லை. லண்டன் பேராசிரியர் ஹில் 1912 கடைசியில் மரியாதையாகவே கருத்து சொன்னார்: விரியும் தொடர்களில் சறுக்கியிருக்கிறார், விளக்காத குறியீடுகளைப் போடக்கூடாது. கோட் ரிவ்யூவில் தினமும் எழுதுகிற அதே கமெண்ட்! ஹில்லைக் கதையில் வில்லனாக்குவது எனக்கு ஒப்பவில்லை. 1911இல் இந்தியக் கணிதக் கழக இதழில் வந்த பெர்னூலி எண்கள் கட்டுரையையே, தெளிவில்லை என்று ஆசிரியர் பலமுறை திருப்பி அனுப்பித்தான் வாங்கியிருக்கிறார்.

இந்த நடை எங்கிருந்து வந்தது? பதின்ம வயதில் கிடைத்த காரின் 'சினாப்சிஸ்'. ஆயிரக்கணக்கான முடிவுகளை வரிசையாக அடுக்கிய புத்தகம். நிரூபணம் பெரும்பாலும் பேருக்குத்தான். பையன் அதையே கணிதம் எழுதும் முறை என்று எடுத்துக்கொண்டான். போதாததற்குக் காகிதம் விலை. கணக்கைச் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்துவிட்டு விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார்.

ஹார்டியின் பதில் 8 பிப்ரவரி 1913. பாராட்டோடு அவர் கேட்டது நிரூபணங்கள். அடுத்த கடிதத்தில் ராமானுஜன் நழுவுகிறார். என் முறையைச் சொன்னால் பைத்தியக்கார விடுதியைக் காட்டுவீர்கள் என்கிறார். அது ஆணவம் என்று நான் நினைக்கவில்லை. படியெல்லாம் எழுதிக் காட்டும் பழக்கமே அவருக்கு இல்லை.

அது வந்தது கேம்பிரிட்ஜில், ஹார்டி பக்கத்தில் உட்கார்ந்த பிறகு. 1915இல் வெளியான 'ஹைலி காம்போசிட் நம்பர்ஸ்' நீண்ட கட்டுரை, படிப்படியாக நிரூபணத்தோடு. அதை வைத்துத்தான் 1916இல் பட்டம் கிடைத்தது. அதிலும் லண்டன் கணிதக் கழகத்துக்குப் பணமுடை என்று ஒரு பகுதியை நிறுத்திவைத்தார்கள். அந்தப் பகுதி அச்சில் வந்தது 1997இல்.