முதல் பக்கம்

நாட்குறிப்பு எழுதுபவரின் முதல் பக்கம்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் தம் குறிப்பைத் தொடங்கியபோது அவருக்கு வயது 27. காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும், கப்பல்கள் வருவதையும் போவதையும் எழுதப்போவதாகச் சொல்லிவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறார். எவ்வளவு தெளிவான ஆரம்பம்!

மேலே ஆங்கிலத் தேதி, கூடவே நள வருஷம், தமிழ் மாதம், கிழமை. கீழே வியாபாரம், கவர்னர் வீட்டுச் சங்கதி, ஊர்வம்பு எல்லாம் அக்காலத்துப் பேச்சுத் தமிழிலேயே வந்து விழுகின்றன. பின்னாளில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷியாகி, அதாவது மொழிபெயர்ப்பாளராகி, பெரிய மனிதரான பிறகும் அந்த நடை மாறவில்லை. இலக்கியம் படைக்கிறோம் என்ற நினைப்பே இல்லாத அந்தக் கைதான் அவருடைய பெரிய பலம். 1761இல் சாகும் வரை எழுதினார். அந்தச் சுவடிகள் 1846இல்தான் வெளியுலகின் கண்ணில் பட்டன.