அர்னால்டுக்கு ஃபேஷியல்

'பிரிடேட்டர்' (1987) ஞாபகமிருக்கிறதா? காடு, சேறு, வியர்வை. 2010-ல் வந்த ப்ளூ-ரேயைப் போட்டுப் பாருங்கள். அர்னால்ட் ப்யூட்டி பார்லரிலிருந்து நேரே வந்தவர் மாதிரி இருக்கிறார். சுத்தமான மெழுகு பொம்மை! ஃபிலிமில் உருவமே பொடிப் பொடிப் புள்ளிகளால் ஆனது. அதை அழுக்கு என்று துடைத்ததில் தோலின் சுருக்கம், இலையின் நரம்பு எல்லாம் போச்சு. 2008-ல் வந்த டிஸ்க் கொஞ்சம் சொரசொரப்புதான். ஆனாலும் அதுவே தேவலை. 2018-ன் 4கே டிஸ்க்கில்தான் புள்ளிகள் திரும்பி வந்தன.

சத்தமும் இதே கதைதான். 'டெர்மினேட்டர்' (1984) மோனோவில் வந்த படம். 5.1-க்கு மாற்றும்போது துப்பாக்கிச் சத்தத்தையே புதுசாகப் போட்டுவிட்டார்கள். ஜன்னல் அதிர்கிறது, சரி. அது நாம் கேட்ட துப்பாக்கி இல்லையே, ஸார்!

பழைய ஆக்‌ஷன் படம் வாங்கினால் முதலில் ஒரு க்ளோசப்பில் நிறுத்துங்கள். வியர்வைக்கு அடியில் தோல் தெரிகிறதா? தெரியாவிட்டால் பில் எங்கே என்று தேடுங்கள்.